சுறா கடித்த காலும் என் இரண்டு கைகளும்

அன்று கரையில் நின்றவர்களை முதலில் சொல்கிறேன்.

சம்மாட்டி பேதுருப்பிள்ளை. கரையில் நின்று இரண்டு கயிற்றால் இழுக்கிற கரைவலையும் தோணியும் அவருடையவை. வடக்குக் கயிற்றில் முன்னுக்கு நின்றவர் அலோசியஸ் அண்ணை. தெற்குக் கயிற்றில் முன்னுக்கு நான், சவிரிமுத்து. என் மனைவியின் தம்பி யூட். இரண்டு கயிற்றிலும் இன்னும் பன்னிரண்டு பேர். மீன் வாங்க வந்து பனையோலைப் பையோடு நின்ற மிஸி. எங்கள் ஊர்க் குழந்தைகளை நிறுத்துப் பார்க்கும் மருத்துவிச்சியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். ஆண்டவரும் நின்றார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

1992, பங்குனி மாதம். வடமராட்சி கிழக்குக் கரை. சண்டைக் காலம். தூரக் கடலுக்குத் தடை. மோட்டருக்கு எண்ணெய் இல்லை. கரைவலை மட்டும்தான் சோறு போட்டது.

நான் படித்தவன் இல்லை. மூன்றாம் வகுப்பு. தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் ஞாயிறு பூசைக்குப் போவேன். பிரசங்கம் தொடங்கியதும் வெளியே வந்து பூவரச மரத்தடியில் சுருட்டுப் பிடிப்பேன். செபமாலை கழுத்தில் கிடந்தது. கையில் எடுத்ததில்லை.

காலை எட்டு மணி இருக்கும். அரைவாசி இழுத்த பிறகு வலை நின்றுவிட்டது. வலையின் நடுவில் மீன் சேருகிற பை மடி. அது கல்லில் கொளுவிவிட்டது. இப்படி நடந்தால் ஒருவர் நீந்திப் போய்த் தூக்கிவிட வேண்டும். எங்களில் நல்ல நீச்சல்காரன் யூட். அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அத்தான், சூடை மீன் துள்ளுற விதம் சரியில்லை. கீழை என்னவோ நிண்டு கலைக்குது."

"உனக்கு எந்த நாளும் என்னவோ நிக்கும்."

"மெய்யாத்தான் சொல்லுறன்."

"வைகாசியிலை கலியாணம். தண்ணிக்குப் பயந்தவனெண்டு பொம்பிளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பட்டே?"

கயிற்றில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அனுப்பு, அனுப்பு. பெட்டையை நான் முடிக்கிறன்" என்றார் அலோசியஸ் அண்ணை. அவருக்கு ஐந்து பிள்ளைகள்.

யூட்டும் சிரித்தான். சாரத்தைக் கழற்றி என் மேல் எறிந்தான். கட்டைக் காற்சட்டையோடு பாய்ந்தான்.

நான்தான் அனுப்பினேன். இதை எழுதாமல் விட்டால் இது சாட்சி இல்லை.

அவன் போய்ச் சேர்ந்தான். முழுகினான். கயிறு இளகியது. மடி கழன்றுவிட்டது என்று தெரிந்தது. நாங்கள் இழுக்கத் தொடங்கினோம். அவன் தலை ஒரு தரம் வெளியே வந்தது. கத்தவில்லை. கையை மட்டும் தூக்கினான். அவனுக்குப் பக்கத்தில் தண்ணீர் புரண்டது. ஒரு செட்டை தெரிந்தது. பிறகு தண்ணீர் சிவந்தது. சூடையைக் கலைத்துக்கொண்டு வந்த சுறா வலைக்குள் அகப்பட்டிருந்தது. இவன் அதற்கு நேரே போயிருக்கிறான்.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. மடி கரை ஏறும் வரைக்கும் கயிற்றை விடக்கூடாது. ஒருவன் விட்டால் மற்றவன் இழுபட்டு விழுவான், வலை குலைந்து போகும். இருபத்தாறு வருடம் நான் விட்டதில்லை. அன்றைக்கும் விடவில்லை. கண் யூட்டைப் பார்க்கிறது, கை கயிற்றை இழுக்கிறது. சம்மாட்டிதான் கத்தினார்.

"விடுங்கோடா கயித்தை! வலை போனாப் போகட்டும்!"

அதற்குப் பிறகுதான் ஓடினேன். அவனும் எங்களை நோக்கிக் கையடித்தான். நெஞ்சளவு தண்ணீரில் பிடித்து இழுத்து வந்து மணலில் கிடத்தினோம். வலது தொடை. முழங்காலுக்கு மேலே பின்பக்கம் சதை கிழிந்து தொங்கியது. இரத்தம் வழியவில்லை. விட்டு விட்டுப் பாய்ந்தது.

இரத்தம் வந்தால் இறுக்கிக் கட்டு. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். என் இடுப்பில் தங்கூசிச் சுருள் இருந்தது. தூண்டில் போடுகிற நைலோன் நூல். காயத்துக்கு மேலே நாலு சுற்றுச் சுற்றி, தூண்டில் முள்ளுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டேன். இழுக்க இழுக்க இறுகும், அவிழாது. அந்த முடிச்சில் எனக்குப் பெருமை. நூல் சதைக்குள் இறங்கியது. இரத்தம் நிற்கவில்லை. கூடினது போலத்தான் இருந்தது. ஒருவர் எங்கள் கரைக் கொட்டில் வாடியில் இருந்து கோப்பித்தூள் கொண்டு வந்தார். ஒருவர் கடல் தண்ணீரை அள்ளி ஊற்றினார். ஒருவர் தலையைத் தூக்கித் தேத்தண்ணீர் பருக்கப் பார்த்தார். எல்லாரும் அன்பில்தான் செய்தோம். எல்லாம் பிழை.

மிஸி பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். சின்ன உருவம். குரல் அப்படி இல்லை.

"தள்ளுங்கோ எல்லாரும்! கோப்பித்தூளைக் கொண்டுபோய்க் கோப்பி போட்டுக் குடியுங்கோ. வாயிலை ஒண்டும் விடாதேங்கோ. உந்த நூலை ஆர் கட்டினது?"

"நான்."

"வெட்டுங்கோ."

"வெட்டினால் செத்துப் போவான், மிஸி."

"உது சதையை அறுக்குது. ரத்தத்தை மறிக்கேல்லை. வெட்டுங்கோ!"

வலைக் கத்தியால் வெட்டினேன். மிஸி யூட்டின் சாரத்தை மடித்துக் காயத்துக்குள் அடைத்தார். என் இரண்டு கையையும் பிடித்து அதன் மேல் வைத்தார்.

"உங்கடை முழுப் பாரத்தையும் போடுங்கோ."

"எவ்வளவு நேரம்?"

"ஆஸ்பத்திரி மட்டும்."

அமத்தினேன். கொஞ்சம் பொறுத்து, நின்றுவிட்டதோ என்று கையைத் தூக்கிப் பார்த்தேன். இரத்தம் முகத்தில் அடித்தது. மிஸி என் கையில் ஓங்கி அடித்தார்.

"மடி வரேக்கை கயித்தை விட்டிட்டுப் பாப்பியளோ?"

"இல்லை."

"இதுகும் அப்பிடித்தான்."

அது எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு தூக்கவில்லை. துணி நனைந்தபோது மிஸி அதை எடுக்க விடவில்லை. அதற்கு மேலேயே இன்னொரு சாரத்தை வைத்தார்.

ஊரில் ஒரு கார் இருந்தது. செல்லத்துரை அண்ணையின் பழைய கார். பெற்றோல் இல்லாத காலம், மண்ணெண்ணெயில் ஓடும். ஸ்டார்ட் எடுக்க மட்டும் கண்மருந்துப் போத்தலில் இருந்து நாலு சொட்டுப் பெற்றோல் விடுவார். பின்சீற்றில் யூட்டைக் கிடத்தினோம். நான் கீழே முழங்காலில். கை எடுக்கவில்லை. மிஸி அந்தப் பக்கம் இருந்து காலைத் தூக்கிப் பிடித்தார். செல்லத்துரை அண்ணை சொட்டு விட்டார். பிடிக்கவில்லை. இன்னும் விட்டார். பிடிக்கவில்லை. போத்தலில் கடைசிச் சொட்டுகள்.

"அத்தான், குளிருது" என்றான் யூட். பங்குனி வெயில். அவன் உதடு வெள்ளை.

செபம் சொல்ல வாயைத் திறந்தேன். அருள் நிறைந்த மரியே வரவில்லை. ஐந்து வயதில் படித்த செபம் பாதியில் மறந்துபோனது. அப்போது என் சொந்த வாயால் கேட்டேன். "ஆண்டவரே, இவனை அனுப்பினது நான். மற்றது எனக்குத் தெரியாது. இந்தக் கை ரெண்டையும் விடப் பண்ணாதேயும்."

கார் பிடித்தது.

"முருகா!" என்றார் செல்லத்துரை அண்ணை. அவர் சைவம்.

"ஆர் வந்தாலும் சரி, நீங்கள் ஓட்டுங்கோ" என்றார் மிஸி.

ஒன்பது மைல். பாதி மணல், பாதி குழியும் கிடங்கும். நாலாவது மைலில் ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டது. அந்த நாளில் எல்லாருக்கும் தெரியும், வாகனத்தை மரத்துக்குக் கீழே விட்டுவிட்டு இறங்கிப் பள்ளத்தில் படுக்க வேண்டும். செல்லத்துரை அண்ணை ஒரு ஆலமரத்துக்குக் கீழே நிறுத்தினார். எஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பப் பிடிக்காது.

"இறங்குங்கோ! வாகனத்துக்குத்தான் அடிப்பான்!" என்று கத்தினார்.

"நீங்கள் இறங்குங்கோ, மிஸி" என்றேன்.

"நான் இறங்கினால் காலை ஆர் தூக்கிப் பிடிக்கிறது?"

செல்லத்துரை அண்ணை நாலு அடி ஓடினார். திரும்பி வந்து சில்லுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார். ஹெலி இரண்டு தரம் சுற்றியது. சுட்டது. எங்கே விழுந்தது என்று தெரியாது, கார்க் கண்ணாடி அதிர்ந்தது. என் கை விறைத்துவிட்டது. முழங்கை உதறியது. கைக்கு மேலே நெஞ்சை வைத்தேன். "விடப் பண்ணாதேயும். விடப் பண்ணாதேயும்." அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

யூட் கண்ணைத் திறந்தான்.

"அத்தான், பொம்பிளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பிப்போட்டியளோ?"

"வாயை மூடடா" என்றேன். அழுதேன். என் அப்பு செத்தபோதும் அழாதவன் நான்.

சத்தம் மெல்ல மெல்லத் தெற்கே போனது. கார் ஓடியது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கையை எடுக்கச் சொன்னார். எடுக்க முடியவில்லை. விரல்கள் மடிந்தபடி இறுகிவிட்டன. இரண்டு பேர் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்கள். பிறகு இரத்தம் வேண்டும் என்றார்கள். என்னுடையது பொருந்தவில்லை. வாசலில் குந்தியிருந்தேன். அப்போதுதான் எங்கள் ஆட்கள் வந்தார்கள். ஈரச் சாரத்தோடு, சைக்கிளில், ஒன்பது மைல், அதே ஹெலிக்குக் கீழே. அலோசியஸ் அண்ணையின் இரத்தம் பொருந்தியது. வேறு இரண்டு பேருடையதும் பொருந்தியது.

"இனி என்ரை ரத்தம்தான் ஓடப்போகுது. கவனம், பிள்ளையள் கூடப் பிறக்கும்" என்றார் அலோசியஸ் அண்ணை.

பின்னேரம் டொக்டர் வந்தார். "தப்பிட்டான். காலும் நிக்கும். ஆர் அமத்திக்கொண்டு வந்தது?"

மிஸி என்னைக் காட்டினார். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. நாலாவது மைலுக்குப் பிறகு என் கையில் உணர்வு இல்லை. உணர்வு இல்லாத கை ஐந்து மைல் அமத்துமா? நான் கேட்டது ஒன்று. அது கிடைத்தது. மற்றவர்கள் வேறு நியாயம் சொல்லலாம். எனக்கு அந்தக் கையைத் தெரியும்.

ஒரு கிழமைக்குப் பிறகு யூட்டின் கட்டிலடியில் நின்று மன்னிப்புக் கேட்டேன்.

"என்னத்துக்கு அத்தான்? மடியைக் கழட்டிப்போட்டுத்தானே வந்தனான்" என்றான்.

கலியாணம் ஆவணியில் நடந்தது. கொஞ்சம் நொண்டிக்கொண்டு பீடத்துக்குப் போனான். இப்போது தோணியில் சுக்கான் பிடிக்கிறான். நீந்த விடுவதில்லை.

நான் பிரசங்கத்துக்கு உள்ளே இருக்கிறேன். எல்லாம் விளங்குவதில்லை. இருந்தாலும் இருக்கிறேன். செபமாலை கையில். மிஸியிடம் கேட்டு, பூசை முடிந்த பிறகு கோயில் விறாந்தையில் பதினாலு பேர் படித்தோம். எங்கே அமத்துவது, எப்படிக் கிடத்துவது, எதைச் செய்யக்கூடாது. வாடியில் ஒரு பையில் தோய்த்துக் காயவைத்த துணி தொங்குகிறது. அதில் ஒருவரும் முகம் துடைக்க முடியாது. தங்கூசியால் ஆளைக் கட்டுவதில்லை.

என் சகோதரங்களே, நான் பெரிய விசுவாசி இல்லை. செபம் மறந்துபோனவனுக்கும் ஆண்டவர் காது கொடுத்தார். உங்களுக்கும் கொடுப்பார். பெரிதாகக் கேட்கத் தெரியாவிட்டால் சின்னதாகக் கேளுங்கள். கேட்டுக்கொண்டே கையால் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். இரண்டில் ஒன்றை விட்டுவிடாதீர்கள்.

இந்த மூன்று வருடத்தில் கடலாலும் ஷெல்லாலும் காயப்பட்டு என் கைக்கு வந்தவர்கள் ஆறு பேர். ஒருவரை ஆண்டவர் எடுத்துக்கொண்டார். உயிரோடு இருப்பவர்கள் ஐந்து.