ஆளில்லாத தீவுக்கு ஒரு கதவு

எனக்கு முன்னால் பேசியவர் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மேடையின் விளிம்பில் வைத்தபோதே எனக்குக் குமட்டத் தொடங்கிவிட்டது. பொலித்தீன் பையில் முடிந்த மண். "இதுதான் என் ஆடம்பரம்" என்றார். பிறகு நிறுத்தினார். அந்த இடைநிறுத்தம் எவ்வளவு நீள வேண்டும், எந்தக் கணத்தில் கண்களைத் தாழ்த்த வேண்டும், கைதட்டல் எந்த வரிசையிலிருந்து எழும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பாடசாலை விவாத அணியில் எனக்கும் அவற்றைத்தான் பழக்கினார்கள். தெரிந்திருந்ததால்தான் அருவருப்பு இரட்டிப்பானது. நான் விரும்பி உண்ணும் சோற்றை இன்னொருவர் வாயில் பாதி மென்ற நிலையில் பார்த்ததுபோல் இருந்தது.

இணையத்தில் காணொளிகள் வெளியிடும் குழுவொன்று கிளிநொச்சியில் நடத்திய பேச்சுப் போட்டி அது. ஆளில்லாத தீவில் தனியே விடப்பட்டால் எந்த இசை, எந்த நூல், எந்த ஆடம்பரப் பொருள் உங்களோடு வர வேண்டும்? சிறப்பாக விடை சொல்பவர் கொழும்பில் நடக்கும் இறுதிச் சுற்றில் பேசலாம். அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது. வேண்டும் என்பதைவிட, அது எனக்குரியது என்றே நம்பியிருந்தேன். விசுவமடுவிலிருந்து அம்மாவையும் அழைத்துக்கொண்டு முதல் பேருந்தில் வந்ததும் அந்த நம்பிக்கையில்தான்.

வன்னியில் இக்கேள்வியை விளையாட்டாகக் கேட்கவே ஒரு துணிச்சல் வேண்டும். எதை எடுப்பது, எதை விடுவது என்று போரில் ஓடும் வழியில் முடிவெடுக்காத வீடு இங்கில்லை. போட்டி தொடங்குமுன் அறிவிப்பாளர் சபையைக் கலகலப்பாக்க அதே கேள்வியைக் கீழே வீசினார். வெளிநாட்டில் வளர்ந்து திரும்பிய இளைஞர். பல்வரிசை மட்டும் தனியாக மின்னும்.

"மழைக்குக் கட்ட ஒரு தறப்பாள்" என்றார் ஒருவர்.

"நெருப்புப்பெட்டி."

"ஐசியும் பிறப்புச் சான்றிதழும்" என்றார் பின்வரிசைப் பெரியவர், சட்டைப்பையிலிருந்த அடையாள அட்டையைத் தொட்டுக்கொண்டே.

"ஐயா, ஆளில்லாத தீவில ஆர் ஐசி கேக்கப்போகினம்?"

"கேக்காட்டி நல்லம் தம்பி. கேட்டா?"

மண்டபம் சிரித்தது. அன்றைய நாளின் நேர்மையான பேச்சு அதுதான். அதன்பின் மேடை ஏறியவர்கள் எல்லோரும் ஒரே அறநூலைத் தெரிவுசெய்தார்கள். அதை முழுதாகப் படித்தவர் அவர்களுள் ஒருவராவது இருப்பார் என்று நான் நம்பவில்லை. எல்லோருக்கும் தாலாட்டே இசை. ஆடம்பரத்துக்கு வந்தபோது ஒருவர் மண்ணென்றார், ஒருவர் தாயின் சேலையென்றார். ஆடம்பரம் என்ற சொல்லைக் கேட்டதும் ஏன் எல்லோரும் உடனே ஏழையாகிறார்கள்?

நான் அப்படிப் பேசவில்லை. என் இசை, காலையில் பாண் விற்க வரும் ஓட்டோவின் மெட்டு என்றேன். இனிமைக்காக அல்ல, உணவு நம்மைத் தேடி வருகிறது என்று சொல்லும் இசை வேறில்லை என்பதற்காக. என் நூல், பள்ளியில் நான் மனமார வெறுத்த ஒரு பாடநூல் என்றேன். எதிரணி இல்லாத தீவில் நான் நாள்தோறும் மறுத்துப் பேச அதுவாவது இருக்கும். என் ஆடம்பரம், வாசனையுள்ள சந்தனச் சவர்க்காரம். பார்க்க ஆளில்லாதபோதும் தன்னைக் கழுவிக்கொள்பவனே நாகரிகமுள்ளவன் என்று முடித்தேன். கைதட்டல் வந்தது. மண்ணுக்கு வந்த அளவு வரவில்லை.

சவர்க்காரத்துக்கு உண்மைக் காரணம் வேறு. சிறுமியாக வவுனியா முகாமில் இருந்தபோது எங்கள் பகுதி மலசலகூடத்துக்குக் கதவு கிடையாது. ஒரு கிழிந்த சாக்கு தொங்கும். அம்மா உள்ளே போனால் அந்தச் சாக்கின் நுனியை இரு கைகளாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பதே என் வேலை. ஈக்கள் என் வாயிலும் கண்ணிலும் மொய்க்கும். கையை எடுத்து விரட்ட முடியாது. வரிசையில் நிற்பவர்கள் வைவார்கள். மீண்டும் போக நேரும் என்று அம்மா பகலில் தண்ணீர் குடிக்கமாட்டார். அந்த நாற்றத்துக்கு எதிராக நான் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் மேடையில் அதை விற்கமாட்டேன் என்பது எனக்கு நானே விதித்த சட்டம்.

நான் இறங்கியதும் அறிவிப்பாளர் ஒலிவாங்கியோடு இரண்டாம் வரிசைக்குப் போனார்.

"இவதான் தங்கச்சியின்ர அம்மா. அம்மா, நீங்கள் என்ன கொண்டுபோவீங்கள்?"

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "கொண்டி போட்ட கதவோட ஒரு கக்கூஸ், தம்பி."

சபை குலுங்கியது. அம்மாவும் சிரித்தார்.

"அங்க ஒருத்தரும் இல்லையே அம்மா, பிறகேன் கதவு?"

"ஒருத்தரும் இல்லையெண்டு நீங்கள்தானே சொல்லுறீங்கள். நான் உள்ள போனாப் பிறகுதான் கப்பல் வரும்."

பெண்கள் பக்கம் சிரிப்பு அலையாய் எழுந்து அடங்கவே நேரமானது. ஒரு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓமடி, அப்பதான் வருவாங்கள்" என்றார். அந்தச் சிரிப்பில் இருந்த எல்லோருக்கும் ஏதோவொரு கிழிந்த சாக்குத் தெரியும். அறிவிப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் படப்பிடிப்பாளரைப் பார்த்து, நெருங்கி எடு என்று விரலால் காட்டியதை நான் கண்டேன்.

மதிய இடைவேளையில் அறிவிப்பாளர் என்னை மேடைக்குப் பின்னாலிருந்த அறைக்கு அழைத்தார். சாப்பாட்டுப் பார்சல்களின் பருப்பு நெடி. அவரது ஒரு கையில் பாதி கடித்த றோல்ஸ், மறுகை மடிக்கணினியில்.

"தங்கச்சி, இதைப் பாரும். உம்மட அம்மா கலக்கிப்போட்டா."

திரையில் அம்மாவின் முகம் மெதுவாகத் திரும்பியது. "கொண்டி போட்ட கதவோட ஒரு கக்கூஸ்." சபையின் சிரிப்பு இல்லை. அம்மாவின் சிரிப்பு தொடங்குமுன் படம் உறைந்தது. அடியில் ஒரு வயலின் இழுத்து இழுத்து அழுதது. கப்பல் வரவேயில்லை.

"சிரிப்பு எங்க அண்ணா?"

"சிரிப்பை வைச்சா ஆரும் பகிரமாட்டினம். இதைப் பாத்தா வெளிநாட்டில சனம் அழும். இங்க பாரும், இந்த இடம்." எண்ணெய் படிந்த விரலால் அம்மாவின் கண்ணுக்குக் கீழே தொட்டுக் காட்டினார். திரையில் ஒரு பிசுக்குத் தடம் நின்றது.

நான் சொன்னேன்: "அவா பகிடி சொன்னவா. நீங்கள் அதைச் செத்தவீடாக்கிப்போட்டீங்கள். ஒண்டில் சிரிப்பைத் திரும்பப் போடுங்கோ, இல்லாட்டி அழியுங்கோ."

"இதால உமக்குத்தான் நல்லம். கொழும்புக்குப் போறது நீர்தான் எண்டு கிட்டத்தட்ட முடிவு."

"பின்னேரம் நேரலையில நன்றியுரைக்கு எங்கள் எல்லாரிட்டயும் மைக் தருவீங்கள்தானே?"

"ஓம்."

"என்ர முதல் வசனம் இதுதான்: 'எங்கட அம்மா சிரிச்சதை வெட்டி, அவாவை அழவைச்சவர் இவர்.' அடுத்த வசனத்தை நிண்டு யோசிப்பன்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "கொழும்பு வேண்டாமோ உமக்கு?"

"வேணும்."

நான் வேறெதுவும் சேர்க்கவில்லை. நீண்ட வாதங்களை அடுக்கப் பழகியவள்தான். அந்த அறையில் நிற்கும் ஒவ்வொரு வினாடியும் உடலில் ஒட்டுவதாக இருந்தது. அவர் அழித்தார். குப்பைக் கோப்பிலிருந்தும் அழிக்கும்வரை நின்றேன். "பாவம் பாத்துத்தான் எடுத்தனாங்கள்" என்று முணுமுணுத்தார். அந்தப் பாவத்தைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

மாலையில் கொழும்பு இடம் மண்ணுக்குக் கிடைத்தது.

திரும்பும் பேருந்தில் அம்மா யன்னலோரம் இருந்தார்.

"மண் கொண்டுவந்த பெடியனுக்கோ குடுத்தவங்கள்?"

"ஓம்."

"முதலே சொல்லியிருந்தா எங்கட வளவில அள்ளித் தந்திருப்பனே. லோட் லோடாக் கிடக்கு."

நான் சிரிக்கவில்லை. "நீங்கள் சொன்னதை அவங்கள் போடமாட்டாங்கள் அம்மா. நான் அழிப்பிச்சனான்."

"ஏன்? சனம் நல்லாத்தானே சிரிச்சது."

"சிரிப்பை வெட்டிப்போட்டுப் பிடில் போட்டவன்."

"பிடிலோ?" அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "கக்கூசுக்கோ?" பிறகு என் முகத்தைப் பார்த்தார். "அழுறமாதிரியோ காட்டினவன்?"

"ஓம்."

"சீ" என்றார். காலடியில் எதையோ மிதித்துவிட்டவர்போல் செருப்பைப் பேருந்தின் தரையில் தேய்த்தார்.

வீட்டுத்திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த மலசலகூடம் கிணற்றடிக்குப் போகும் வழியில் இருக்கிறது. தகரக் கதவு, உட்பக்கம் அம்மா தானே கடையில் தெரிவுசெய்து வாங்கிப் பொருத்துவித்த தடித்த இரும்புக் கொண்டி. வீட்டில் யாருமில்லாத நாளிலும் அதைப் போடாமல் இருக்கமாட்டார். வந்ததும் வராததுமாக அம்மா உள்ளே போனார். கொண்டி விழும் சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் பழைய சினிமாப் பாட்டொன்று, சுருதி தவறி, சொற்கள் பாதி விழுங்கப்பட்டு, வெளியே வந்தது. அம்மா வேறெங்கும் பாடிக் கேட்டவர்கள் இல்லை.

முகம் கழுவப் போன நான், கையில் சவர்க்காரத்தோடு, கதவருகே நின்றுவிட்டேன். பாட்டு நின்றது.

"ஆரது அங்க?"

"நான்தான்."

"ஏன் அதில நிக்கிறாய்? இப்ப ஒருத்தரும் காவல் நிக்கத் தேவையில்லை. போ அங்கால."

போனேன். நான் கிணற்றடியை அடைந்து, வாளியை உள்ளே விட்ட சத்தம் கேட்ட பிறகுதான் பாட்டு மறுபடி தொடங்கியது.