இரண்டாவது பெயர்

முதலில் மழையைப் பற்றிக் கேட்பார். பிறகு இந்தப் பனியில் கன்றுகள் எத்தனை பிழைத்தன என்று கேட்பார். மறுமுனையில் இருக்கும் பெண்ணுக்கு மூச்சு முட்டத் தொடங்கும்போது, "இந்த வருஷம் உதவித்தொகை உனக்கு வரலம்மா. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்று போட்டு உடைத்துவிடுவார் லவோன் குச்செரா. சொன்ன கையோடு போனை வைத்துவிட மாட்டார். அழட்டும், கோபப்படட்டும் என்று காத்திருப்பார். சிலர் நன்றி சொல்வார்கள். அதுதான் அவருக்குப் பிடிக்காது. "நன்றி எதுக்கு? ரெண்டு திட்டு திட்டு. கேட்டுக்கறேன்."

நெப்ராஸ்காவில் கார்லன் என்ற சிற்றூரில் நாற்பது வருடத்துக்கும் மேலாக மருந்துக்கடை வைத்திருக்கிறார். வயது அறுபத்தேழு. கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்கும் சீட்டில் எழுதியிருப்பதை உரக்கப் படித்துக் காட்டித்தான் மருந்தைக் கொடுப்பார். பெரிய பண்ணைக்காரர்களும் அவர் வாய்க்குத் தப்ப முடியாது. "மாத்திரைய டிராக்டர்லயே போட்டு வச்சிருக்கீங்களா? நல்லா இருக்கு. டிராக்டருக்கு ரத்தக்கொதிப்பு எறங்கியிருக்கும்."

ஏப்ரல் மாதம் வந்தால் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வேறு இரண்டு பேரோடு உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படிக்கிறார். இந்த உதவித்தொகையை ஆரம்பித்தவர்கள் அந்தக் காலத்து மருந்துக்கடைக்காரர்களின் மனைவிமார்கள். சந்தை நாட்களில் பழப் பணியாரம் சுட்டு விற்றுச் சேர்த்தது. வருடத்துக்கு ஒருவருக்குத்தான். இரண்டு வருடம் கல்லூரியில் படித்துவிட்டு, பட்டம் வாங்காமலே மருந்தியல் கல்லூரிக்குள் நுழைகிறவராக இருக்க வேண்டும். அப்படிப் போகிறவர்களின் பாடு திண்டாட்டம். கல்லூரி கொடுத்த உதவி கல்லூரியோடு நின்றுவிடும். மேற்படிப்புக்கு உதவுகிறவர்களோ முதலில் பட்டத்தைக் காட்டு என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களுக்காகத்தான் அந்தப் பெண்கள் மாவு பிசைந்தார்கள்.

லவோனும் அந்த நடுவில் நின்றவர்தான். 1978. அப்பாவுக்குத் தானியக் கிடங்கில் வேலை. பக்கத்து ஊர்க் கல்லூரியில் இரண்டு வருடம் முடித்திருந்தார். மாடியில் ஒரே அறை. கூட இருந்தவர் பள்ளித் தோழி டார்லா ஹெஸ்டர்பெர்க். இருவருக்கும் சேர்த்து நல்ல குளிர்கோட்டு ஒன்றுதான், அதுவும் டார்லாவுடையது. காலை வகுப்பு யாருக்கோ அவருக்குக் கோட்டு. மற்றவர் மூன்று சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஓடுவார். பாத்திரம் கழுவும்போது டார்லா வேதிப்பொருளின் பெயரைச் சொல்வார், தட்டைத் துடைத்து முடிப்பதற்குள் லவோன் அதன் அமைப்பைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முகத்தில் சோப்பு நுரை. அந்த நுரையின் எலுமிச்சை வாசனைகூட இன்னும் நினைவிருக்கிறது என்கிறார் லவோன். விண்ணப்பங்களையும் அந்த அறையில்தான், ஒரே மேசையில், ஒரே பேனாவை மாற்றி மாற்றி வாங்கி எழுதினார்கள்.

தொகை டார்லாவுக்குக் கிடைத்தது. லவோனுக்கு மூன்று வரிக் கடிதம் வந்தது. அதில் அவர் பெயரையே தப்பாக எழுதியிருந்தார்கள். பட்டியலில் உங்களுடையது இரண்டாவது பெயர் என்று ஒரு வரி. அவர் ஊருக்குத் திரும்பி முட்டைக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். இருட்டறையில் விளக்குக்கு எதிரே ஒவ்வொரு முட்டையாகப் பிடித்து, உள்ளே ரத்தப்புள்ளி இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. ஆகஸ்டில் இன்னொரு கடிதம் வந்தது. டார்லா கல்லூரியிலேயே இருந்து பட்டத்தை முடிக்கப் போகிறாராம். ஆகவே தொகை அடுத்த பெயருக்கு. அப்பா அதை இரண்டு முறை படித்தார். "நம்ம பெட்டி எங்கம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

டார்லா தூரத்து ஊர் ஒன்றில் அறிவியல் ஆசிரியை ஆனார். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டைகள் போய் வந்தன. தனக்காகத்தான் டார்லா விட்டுக்கொடுத்தார் என்பதில் லவோனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஆனால் கேட்டதில்லை. கேட்டு, ஆமாம் என்று பதில் வந்துவிட்டால் அந்தப் பாரத்தை எங்கே இறக்கி வைப்பது? ஒரு பெரிய நிறுவனம் கடையை விலைக்குக் கேட்டபோது கணவர் விற்றுவிடலாம் என்றார். லவோன் மறுத்துவிட்டார். இன்னொருத்தியுடைய இடத்தை விற்க எனக்கு என்ன உரிமை என்பதுதான் காரணம். கணவரிடம் அதைச் சொல்லவில்லை.

போன மே மாதம் பள்ளி விளையாட்டுக்கூடத்தில் பழைய மாணவர் விருந்து நடந்தது. டார்லா கைத்தடியோடு வந்திருந்தார். மாட்டிறைச்சியும் மசித்த உருளைக்கிழங்கும் பரிமாறினார்கள். லவோன் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"டார்லா, ஒண்ணு கேக்கணும். அந்த வருஷம்... எனக்காகத்தானே விட்டே?"

டார்லாவுக்குச் சிரிப்பில் புரை ஏறிவிட்டது. "உனக்காகவா? போடி! என் கோட்டுல காபியக் கொட்டிட்டு மழைன்னு சொன்னவ நீ. உனக்கு நான் விட்டுக்கொடுப்பனா?"

"அப்புறம் எதுக்கு?"

"அந்தக் கோடையில மாமா மருந்துக்கடையில நின்னேன்டி. மூணாம் நாளே தெரிஞ்சுபோச்சு. நாள் பூரா நின்னுகிட்டு, ஊர்ல உள்ளவன் மூலத்தையும் இருமலையும் கேட்டுக்கிட்டு... என்னால ஆகாது. எங்கப்பாகிட்ட புடிக்கலன்னு சொல்லப் பயம். பட்டத்த முடிச்சுட்டுப் போறேன்னு ஒரு பொய்யச் சொன்னேன்."

நாற்பத்தேழு வருடமாகத் தூக்கிச் சுமந்தது ஒன்றுமே இல்லையா? நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தார் லவோன். நெஞ்சுக்குள் ஏதோ காலியானதுபோல் இருந்தது. அழுகை வரும்போல் இருந்தது, கூடவே சிரிப்பும்.

"என்னடி மூஞ்சிய இப்படி வச்சுக்கறே?" என்றார் டார்லா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. தொக வேணாம்னு கடுதாசி எழுதறப்ப, பட்டியல்ல எனக்குக் கீழ இருக்கறது உம் பேருன்னு தெரியும். அதனாலதான் தபால்ல போட முடிஞ்சுது. வேற எவளாவது இருந்திருந்தா, அப்பாவுக்குப் பயந்துகிட்டு நானே போயிருப்பேன்."

லவோன் மேசைத் துணியை நீவிக்கொண்டிருந்தார். மேடையில் யாரோ ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்கள்.

"நீதான் நிப்பியே நாள் பூரா," என்றார் டார்லா. "இதக் கொஞ்சம் பாரேன். ஒரு மாசமா எந்திரிச்சா தல சுத்துது." கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே எட்டு மாத்திரைக் குப்பிகள்.

லவோன் தட்டுகளை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். குப்பிகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றாக எடுத்து, உதடு அசையப் படித்தார். ஐந்தாவதிடம் வந்ததும் இரண்டாவதைத் திரும்ப எடுத்தார்.

"இது யாரு எழுதினது?"

"எங்க ஊரு டாக்டர்."

"இது?"

"மக வீட்டுக்குப் போயிருந்தப்ப, அங்க ஒருத்தர்."

"ரெண்டும் ஒரே ரத்தக்கொதிப்பு மருந்துதான்டி. பேருதான் வேற. ரெண்டையும் முழுங்கறியா?"

"எழுதிக் குடுத்தா முழுங்க மாட்டாங்களா?"

"நாளைக்குக் காலையில மொத வேலையா ரெண்டு டாக்டர்கிட்டயும் நான் பேசறேன். அதுவரைக்கும் ஒண்ண மட்டும் முழுங்கு, இது எங்கிட்ட இருக்கட்டும்."

குழுப் புகைப்படத்துக்குக் கூப்பிட்டார்கள். எல்லோரும் நாற்காலிகளை இழுத்துத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். லவோன் ஒரு கையால் டார்லாவின் முழங்கையைத் தாங்கிக்கொண்டு நடந்தார். படம் எடுத்து முடியும்வரை, மறு கையில் அந்தக் குப்பியை இறுக்கிப் பிடித்தபடியே நின்றார்.