அண்ணன் கொண்டுவந்த மலிவு வைன்

அண்ணன் பிரான்சில இருந்து வந்து பெட்டியத் திறந்தா, உள்ளுக்குள்ள நாலு போத்தல் வைன்! சேட்டாலயும் துவாயாலயும் சுத்திப் பத்திரமா வச்சிருந்தான். எனக்குக் கண் பிதுங்கிற்று. வெளிநாட்டால வாற ஆக்கள் விஸ்கி கொண்டருவாங்க, பிராண்டி கொண்டருவாங்க. இவன் என்னடா எண்டா, "இதில மூண்டு அங்க ஒருத்தரும் மதிக்காத மலிவுச் சாமான் தங்கச்சி" எண்டு பெருமையா இளிக்கிறான். "விசரா அண்ணா உனக்கு? வெளியில சொல்லிக் கில்லித் துலைக்காத" எண்டன்.

சண்டை கொஞ்சம் ஓய்ஞ்சி, பாதையெல்லாம் திறந்திருந்த காலம் அது. அதாலதான் அவனுக்கு எங்கட ஊர் செட்டிபாளையத்துக்கு வர ஏலுமாயிருந்திச்சி. வந்ததே என்ட கலியாணப் பேச்சுக்குத்தான். எங்கட பக்கத்தில மாப்பிள்ளை பொம்பிளை வீட்டோடதான் வந்து இருக்கிறது. எனக்கெண்டு கட்டின வீடு அண்ணன்ட உழைப்பு. ஷெல்லடிக்கும் ஓட்டத்துக்கும் நடுவில வந்த சம்பந்தமெல்லாம் கலைஞ்சி போய், எனக்கும் வயசு முப்பதைத் தாண்டிற்று. இதுவும் போனா இனி வேற இல்ல எண்டு அம்மா கோயில் கோயிலா நேந்து வச்சிருந்தா. மாப்பிள்ளைட தகப்பன் வயல்காரர், பெரிய ஆள். அவருக்கிட்ட எங்கட அப்பா, "மகனுக்குப் பாரிசில கந்தோர் வேலை, பேனை பிடிக்கிற உத்தியோகம்" எண்டு சொல்லித்தான் பேச்சையே துவங்கினவர். நானும் அப்பிடித்தான் நம்பியிருந்தன்.

பேச வந்த அண்டு, சாப்பாட்டுக்கு முதல்ல ஆம்பிளைகள் பின்வளவுக்குப் போனாங்க. பொம்பிளைகள்ட கண்ணில படாமக் குடிக்கிறதாம்! நான் சமைச்சிக்கொண்டு நிண்ட குசினி யன்னலால எல்லாம் தெரியும், அது வேற கதை. அண்ணன் போத்தலுகள விடியவே வாளியில வச்சுக் கிணத்துக்குள்ள இறக்கிக் குளிர வச்சிருந்தான். தூக்கியெடுத்து, ஒவ்வொண்டையும் பேப்பரால சுத்தி, "மாமா, ஒரு விளையாட்டு. இதில எது நல்ல வைன் எண்டு சொல்லுங்க பாப்பம்" எண்டான் மாப்பிள்ளைட தகப்பனுக்கு. சம்பந்தம் பேச வந்த மனிசனோட விளையாட்டா!

மாமா முதலாவதைச் சாராயம் போல ஒரே மடக்கில இழுத்துப்போட்டு, பொரிச்ச இறாலைக் கடிச்சார். "என்ன தம்பி, ஏறவே இல்லயே?" ரெண்டாவதுக்குள்ள சோடாவ ஊத்தப் போக, அண்ணன் பாய்ஞ்சி விழுந்து, "ஐயோ மாமா, சோடா வேணாம்! கொஞ்ச நேரம் வாயில வச்சிருங்க" எண்டு அவர்ட கையப் பிடிச்சிட்டான். நான் அகப்பையோட அப்பிடியே நிண்டன். நல்ல காலம், மனிசன் கோவிக்கல்ல. வாயில வச்சு உருட்டினார், கண்ண மூடினார், சிரிச்சார். நாலையும் மாறி மாறிக் குடிச்சுப் பாத்து, மூண்டாவது போத்தலத் தட்டி, "இதுதான். மத்தது மூண்டையும் இதுக்கிட்ட வைக்க ஏலா" எண்டார்.

அண்ணன் பேப்பரக் கிழிச்சுக் கைதட்டிச் சிரிச்சான். "மாமா, நாலுக்குள்ளயும் ஆக மலிவு இதுதான்! பேர் பெத்த, விலை கூடின போர்தோ வைன நீங்க திரும்பியும் பாக்கல்ல. இது லாங்டொக் வைன், பிரான்சில தெற்குப் பக்கத்துச் சாமான். நம்மட தயிரையே கொழும்புக்காரன் கடைப் பேர் போட்டு வித்தாத்தானே நல்ல தயிர் எண்டுவாங்க, அதப் போல."

மாமாட முகம் கறுத்துப் போச்சி. "சம்பந்தம் பேச வந்த எனக்கு மலிவுச் சாமானா?" எண்டு கதிரைய விட்டு எழும்பினார். அப்பா பதறிப்போய், "பகிடி, பகிடி! கந்தோரில இருக்கிறவனுக்கு இதுகள் என்ன தெரியும்" எண்டார்.

"எந்தக் கந்தோர் அப்பா?" எண்டான் அண்ணன். அவன்ட சிரிப்பு நிண்டிட்டு. "மாமா, நான் உங்களப் பழிக்கல்ல. இந்த வைனுக்குப் போற திராட்சை நான் கொடியில இருந்து ஆயிற பழம். நாள் முழுக்க வெயிலுக்குள்ள குனிஞ்சி நிண்டு ஆயிறம். பகல் சாப்பாட்டுக்குத் தோட்டத்து முதலாளி எங்களுக்கு ஊத்துறது இதுதான். எனக்கு ஆகப் பிடிச்சத உங்களுக்குக் கொண்டந்தன்."

"கூலிக்கோ?"

"ஓம் மாமா, கூலிக்குத்தான்."

என்ட வீட்டு ஓடு, யன்னல், நான் சாய்ஞ்சி நிண்ட சுவர், எல்லாம் அவன் குனிஞ்சி நிண்டு உழைச்சது. இவ்வளவு காலமும் காத்தாடிக்குக் கீழ கதிரையில இருக்கான் எண்டு நினைச்சிட்டனே. பாவி, ஒரு சொல்லுச் சொல்லல்லியே!

மாமா சால்வைய உதறித் தோளில போட்டார். "கூலிக்காரன்ட தங்கச்சிக்கு என்ட மகனக் குடுக்கவோ?" அண்ணன் போத்தலக் கையில பிடிச்சபடி, "நான் செய்த பிழை மாமா, தங்கச்சிய விட்டிடாதீங்க, உங்களக் கும்பிட்டன்" எண்டு கெஞ்சத் துவங்கிட்டான். அதத்தான் எனக்குத் தாங்க ஏலாமப் போச்சி.

குசினிக் கதவத் தள்ளிட்டு வெளியில வந்தன். சம்பந்தம் பேச வந்த ஆக்களுக்கு முன்னால பொம்பிளை பின்வளவுக்கு வாறதே பெரிய குத்தம். நான் மாமா குடிச்ச கோப்பைய எடுத்து அண்ணனுக்கிட்ட நீட்டி, "ஊத்து" எண்டன். கோப்பை நிரம்ப ஊத்தினான். பின்னால அம்மா, "ஐயோ, என்ட அம்மாளே!" எண்டு கத்தினது கேட்டிச்சி. ஒரு சொட்டு மிச்சம் விடாமக் குடிச்சன்.

மாமா செருப்பையும் சரியா மாட்டாமப் படலையத் திறந்து போயிட்டார். அதோட அந்தச் சம்பந்தம் முறிஞ்சிது.

அண்ணன் வாயத் திறந்தபடி என்னையே பாத்துக்கொண்டு நிண்டான். கண்ணெல்லாம் தண்ணி. மறுகா மெல்லக் கேட்டான்: "எப்பிடி இருக்கு தங்கச்சி?"

"புளிக்கிது" எண்டன். "இன்னும் கொஞ்சம் ஊத்து."