நடுவில் ஒரு ஜாயின்ட்

அம்மா தினமும் காலையில் சாம்பார்க் குண்டானைத் தூக்கிக்கொண்டு ரயில் தண்டவாளத்தைத் தாண்டுவாள். விம்கோ நகர்ப் பக்கம் எங்கள் வீடு லைனுக்கு இந்தப்புறம். அவள் இட்லிக்கடை போடும் கன்டெய்னர் யார்டு வாசல் அந்தப்புறம். அவள் கிளம்பியபின் ரயில் சத்தம் கேட்டாலே நான் வாசலுக்கு ஓடிவந்து எட்டிப் பார்ப்பேன். அப்படிப்பட்ட என்னிடம்தான், ராயபுரத்தில் நான் வேலை பார்க்கும் டிசைன் ஆபீசில், அதே லைனுக்கு மேல் வரப்போகும் நடைபாலத்தின் கம்ப்யூட்டர் மாடலைச் செய்யக் கொடுத்தார்கள்.

சாப்ட்வேரில் டெம்ப்ளேட் என்று ஒன்று இருக்கிறது. நீளமும் அகலமும் சொன்னால் போதும், பாலம் தானாக எழுந்து நிற்கும். இரும்புகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் ஜாயின்ட் புள்ளிகளும் தானாக வந்துவிடும். படிக்கட்டு மட்டும் இரண்டு முனையில்தான். அந்தப்புற முனையோ யார்டைத் தாண்டி, பஸ் ஸ்டாப் பக்கம். எங்கள் ஜனங்கள் போவது லைனைத் தாண்டியதும் வரும், சுவர் இடிந்த சந்து வழியாக. அவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டு எவன் போவான்? பாலம் அதுபாட்டுக்கு மேலே நிற்கும், இவர்கள் பாட்டுக்குக் கீழே போவார்கள்.

சந்துக்கு நேராகவும் ஒரு படி வைக்கலாம் என்று மேலாளர் சாரிடம் சொன்னேன். “சாயங்காலம் மாடல் போயாகணும்மா. டெம்ப்ளேட்ல வர்றத அப்படியே குடு. சந்து சந்தா படி வெச்சிட்டிருக்க முடியுமா?” என்றார்.

எனக்கு வந்ததே கோபம். “அந்தச் சந்துலதான் சார் எங்கம்மா போறாங்க.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சா பாரு” என்று போய்விட்டார்.

உட்கார்ந்தேன். சந்துக்கு நேராக, பாலத்தைத் தாங்கும் நீள இரும்பான கர்டரின் நடுவில், எக்ஸ், ஒய், இசட் என்று கையால் அடித்து ஒரு ஜாயின்ட் வைத்தேன். அதில் படிக்கட்டை மாட்டி, தாங்குமா என்று பார்க்க ரன் கொடுத்தால், படிக்கட்டு தனியாகக் கழன்று விழுகிறது! கண்ணுக்குப் புள்ளி கர்டர் மேல்தான் இருக்கிறது, ஆனால் கர்டருக்கு அது தெரியவே தெரியாது. அந்த இடத்தில் கர்டரை இரண்டாக வெட்டி, வெட்டிய முனைகளை அந்தப் புள்ளியில் சேர்த்தால்தான் பிடிக்கும். சனியன். ஒவ்வொன்றாக வெட்டினேன். ஒரு இடத்தில் எண்ணை மாற்றி அடித்துத் தொலைத்தேன், படிக்கட்டு எங்கோ பறந்தது.

“இன்னா மேடம், படி எண்ணூர் கடலுக்குப் போவுதா?” என்று பக்கத்து சீட்டுக்காரன் சிரித்தான்.

“வாய மூடிக்கினு வேலயப் பாரு” என்றேன். பாவம், நல்லவன்தான்.

கடைசியில் நின்றது. சார் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சரி, அனுப்பு” என்றார். எனக்கு ஆபீசிலேயே கத்தவேண்டும்போல் இருந்தது.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். போனில் படத்தைக் காட்டினேன்.

“ம்மா, பாலம் வந்துட்டா நீ லைன்ல எறங்கவே வேணாம். சந்தாண்டயே படி.”

அம்மா ஈரக்கையோடு எட்டிப் பார்த்தாள். “சோக்கா கீதுடி. எத்தினி படி?”

நான் படத்தைப் பெரிதாக்கிப் படிகளை எண்ண ஆரம்பித்தேன்.

“என் முட்டி இன்னா லச்சணத்துல கீதுன்னு உனக்குத் தெரியாதா? குண்டானத் தூக்கிகினு நான் எங்கேந்து ஏறுவேன்? நான் கீயவே போய்க்கிறேன்.”

அவள் மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. பிறகு என் மேல். சந்து எங்கே என்று பார்த்தேனே தவிர, அதில் நடப்பவளின் முட்டியை நினைக்கவில்லை. சாய்தளம் வேண்டும். நாளைக்கே கேட்க வேண்டும். சார் ஒத்துக்கொள்ள வேண்டும். அதுவரைக்கும்?

மறுநாள் காலை குண்டானின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். நடு லைனில் அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். எண்ணூர்ப் பக்கமிருந்து ஹாரன் கேட்டது. “ஐயோ வாம்மா!” என்று கத்தி, அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். சாம்பார் என் காலில் கொட்டியது.

அந்தப்புறம் சேர்ந்ததும் அவள் மூச்சுவாங்கச் சிரித்தாள். “பாத்தியா, ஒரு படி கூட ஏறல.”

எங்களுக்குப் பின்னால் ரயில் போய்க்கொண்டே இருந்தது. நான் அவள் முழங்கையை விடவில்லை.