சாம்பிள் கொடுத்த தீர்த்தம்

என் சித்தப்பா பாம்பு வளர்த்தார். சொன்னால் கல்லூரித் தோழிகள் யாரும் நம்புவதில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருந்தார். ஆட்டுத்தோலில் பாம்புச் செதில் மாதிரி அச்சுப் போட்டு வரும். அதைப் பெண்கள் செருப்புக்கு வெட்டித் தருவது அவர் வேலை. போலியை வெட்டி வெட்டி அசல்மேல் ஆசை வந்துவிட்டதோ என்னவோ, சென்னையிலிருந்த தோஸ்த் ஒருவர் வளர்த்த வெளிநாட்டுப் பாம்பை வாங்கி வந்துவிட்டார். விஷம் கிடையாது. பயந்தால் பந்துபோலச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும். அதற்குச் ‘சாம்பிள்’ என்று கம்பெனிப் பெயர் வைத்தார்.

எனக்கு அப்போது எட்டு வயது. கோடை விடுமுறைக்கு என்னைக் குடியாத்தத்திலிருந்து அங்கே அனுப்பியிருந்தார்கள். சித்தி, என் அம்மாவின் தங்கை, நாலு மாதம் முழுகாமல் இருந்தாள். முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போனதால், இந்தத் தடவை எழுந்து நடக்கவே கூடாது என்று படுக்க வைத்திருந்தார்கள். அவள் இருமினால்கூட வீடு திரும்பிப் பார்த்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா ஒருநாள் வீட்டுக்கு வந்து சாம்பிள் இருந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். பாம்பு கடிக்கும் என்று பயப்பட வேண்டாம், அதன் தோலிலும் கழிவிலும் குடிக்கும் தண்ணீரிலும் கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கும், அது வாய்க்குள் போனால் வயிற்றுப் பிள்ளைக்கே ஆபத்து என்றார். சித்தப்பா உடனே கம்பெனி சுவரில் ஒட்டுவதுபோலத் தாளில் எழுதிப் பெட்டிமேல் ஒட்டினார். சித்தி தொடக் கூடாது. பெட்டியைச் சித்தப்பாதான் பின்பக்கம் தனி பக்கெட்டில் கழுவ வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் சமையலறைப் பக்கம் போகக் கூடாது. யார் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

“நீதான் செக்கிங். சித்தி மூணு அடிக்குள்ள வந்தா ரிஜெக்ட் பண்ணிடு” என்று எனக்கு வேலையும் கொடுத்தார். அந்த வாரம் முழுக்க நான் தலைகால் தெரியாமல் திரிந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. தெருப் பெண்கள் பாலும் முட்டையும் எடுத்துக்கொண்டு நாகாத்தம்மன் புற்றுக்குப் போனார்கள். சித்தி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருந்தாள். “ஒரு கை பால் ஊத்திட்டு வந்தா மனசு ஆறும். எங்க போவ முடியுது” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. புற்றில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது; நம் வீட்டில் கண்ணெதிரே இருக்கிறது. வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? சித்தப்பா வேலைக்குப் போயிருந்தார். பெட்டியின் கொக்கியைத் தூக்கி, சாம்பிளின் கிண்ணத்தில் அரைத் தம்ளர் பால் ஊற்றி, மஞ்சள்தூள் போட்டுக் கும்பிட்டேன். பால் பக்கம் அது திரும்பவே இல்லை. வெகுநேரம் கழித்து உடம்பை நகர்த்தி வாலைக் கிண்ணத்துக்குள் விட்டது. ஆசீர்வாதம் கிடைத்துவிட்டது.

கிண்ணம் சமையலறைப் பக்கம் போகக் கூடாது என்பதுதானே விதி? நான் கொண்டுபோகவில்லை. தம்ளரைத்தான் கிண்ணத்திடம் கொண்டுபோய் மொண்டுகொண்டேன்.

“சித்தி, நாகாத்தம்மன் தீர்த்தம்” என்று நீட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தனுப்பியது என்று நினைத்தாள் போலிருக்கிறது. கையில் வாங்கி, கண்ணில் ஒற்றி, இரண்டு வாய் குடித்தாள். மூன்றாவது வாய்க்குக் கை நின்றது.

“இன்னாடி வாடை இது? எங்கருந்து எடுத்தாந்த?”

பெருமையோடு சொன்னேன்.

சித்தி என்னை அடிக்கவில்லை. சுவரைப் பிடித்தபடி எழுந்து வந்து, குழாயடியில் என் கையை விரல் விரலாகச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாள். அப்புறம்தான் தன் வாயைக் கொப்பளித்தாள். நர்ஸம்மாவுக்குப் போன் செய்து தாழ்ந்த குரலில் ஏதோ பேசினாள். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாராம். “யாருகிட்டயும் சொல்லாத, சித்தி மேல சத்தியம்” என்று என்னிடம் வாங்கிக்கொண்டாள்.

மறுநாளே இரண்டும் வந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டர், எதைச் சாப்பிட்டாய், எதைத் தொட்டாய் என்று கேட்டபோது நானும் சித்தப்பாவும் பக்கத்தில் நின்றோம். “பாம்போட தண்ணியில பால் ஊத்தி, சாமி தீர்த்தம்னு நாந்தான் எடுத்துக் குடிச்சேன்” என்றாள் சித்தி.

சித்தப்பா அதுவரை குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. “டிகிரி படிச்சவதான நீ? அறிவு இல்ல?” என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டு, வெளியே போய் அழுதார். எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது, சித்தியின் மேல். பால் ஊற்றியது நான், மஞ்சள் போட்டது நான், யோசனை என்னுடையது. புண்ணியம் மட்டும் அவளுக்கா? “அது நான்...” என்று வாயைத் திறந்தேன். “வாய மூடிக்கினு போய் உக்காருடி” என்றாள், கையில் டிரிப்ஸோடு.

ஐந்து நாளில் காய்ச்சல் இறங்கியது. சாம்பிள் சென்னைக்கே திரும்பிப் போனது. ஐப்பசியில் பெண் குழந்தை, குறையொன்றும் இல்லாமல் பிறந்தது. தீர்த்தம் பலித்துவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். கல்யாண வீடுகளில் இன்றும் சித்தியைப் ‘பாம்புத் தீர்த்தம் குடிச்சவ’ என்று கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள். கூடவே நானும் சிரித்திருக்கிறேன்.

இப்போது நர்சிங் படிக்கிறேன். அந்தக் கிருமியைப் பற்றிப் பாடம் நடத்திய அன்று எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளையும் தங்காமல் போயிருந்தால், எங்கள் சொந்தத்தில் நான் சாகும்வரை யாராக இருந்திருப்பேன்? அன்று வார்டில் சித்திக்குத் தன் பிள்ளை பிழைக்குமா என்றே தெரியாது. தெரியாமலேதான் எனக்கு முன்னால் தன் தலையை நீட்டினாள். இந்த நன்றியை அவளிடம் எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

குழந்தை பிறந்தபோது பெரியவர்கள் எல்லாரும் கை நீட்டிக்கொண்டு நிற்க, “மொதல்ல அவ தூக்கட்டும்” என்று என்னைக் காட்டினாள். “சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா” என்றாள். இரண்டு முறை கழுவிக்கொண்டு வந்து, குழந்தையை மடியில் வாங்கினேன். என்னிடமிருந்து பறித்த புண்ணியத்தில் கொஞ்சத்தையாவது இப்போது திருப்பித் தருகிறாளே என்று பெரிய மனசு பண்ணி, சித்தியை மன்னித்தேன்.