கடையில் தொங்கிய கணக்கு டீச்சர்

பாளையங்கோட்டையில் கணக்குப் பாடம் எடுக்கும் சண்முகசுந்தரி டீச்சருக்கு நாற்பத்தெட்டு வயதில் பாறை ஏறும் ஆசை வந்தது. ஷூவும், கயிற்றில் தொங்க இடுப்பில் மாட்டும் ஹார்னஸ் பட்டையும் வாங்க விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனார்.

போட்டுப் பார்த்த ஷூ விரல்களை நெரித்தது.

"இறுக்கமாத்தான் இருக்கணும், டீச்சர். ஹார்னஸைத் தொங்கிப் பாத்துத்தான் வாங்கணும்" என்ற கடைக்காரர், ஷூவைக் கழற்றவிடாமலே, உத்தரத்துக் கொக்கியில் கயிறு போட்டு அவரைத் தொங்கவிட்டார். இறக்கப் பார்த்தால் கயிறு சிக்கிக்கொண்டது. கடைக்காரர் ஏணி தேடி ஓடினார்.

அந்நேரம் பந்து வாங்க வந்தவர், டீச்சரிடம் படிக்கும் பையனின் அப்பா. அண்ணாந்து கும்பிட்டார்.

"எம்மவன் எப்படிப் படிக்கான், டீச்சர்?"

"வகுத்தல்லதான் தடுமாறுதான்" என்றார் டீச்சர், மெல்லச் சுற்றியபடி. அவர் முதுகு திரும்பும்போதெல்லாம் அப்பாவும் மரியாதையாகச் சுற்றி முன்னால் வந்தார்.

ஏணி வருவதற்குள் அரையாண்டு மதிப்பெண் வரை பேசி முடித்தார்கள். இறங்கிய டீச்சருக்கு இடுப்பு வலிக்கவே இல்லை.

"ஹார்னஸ் இதையே குடுங்க, அண்ணாச்சி. ஷூவை ஒரு நம்பர் பெருசா எடுங்க. விரலு மரத்துப் போச்சு."