கொதிகலனுக்குப் போன முறைத்தண்ணீர்

நேற்று நெளுக்குளத்தில் மருமகன் கேற்றுக்குத் துருப்பிடிக்காமலிருக்கச் சிவப்புப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார். அந்த மணம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் மறுபடி இளவயதுத் தட்டெழுத்துக்காரியாகிவிட்டேன். மற்றவர்களுக்குத் தலையிடி, எனக்கோ ஒரே சந்தோசம்!

கிளிநொச்சிப் பக்கம் பாரிய கைத்தொழில் அமைச்சு ஒரு தொழிற்சாலை கட்டிய காலம் அது. இரும்புத் தூண் எல்லாவற்றுக்கும் இதே பெயின்ற்தான். எந்தத் தூண் எந்தக் கிழமை நிமிரவேண்டும் என்பதையும் கொழும்புதான் தீர்மானிக்கும். அதைத் தட்டச்சடிக்கும் நான், நாட்டின் ஐந்தாண்டுத் திட்டமே என் விரல்நுனியில் ஓடுவதாகத் தலைகால் தெரியாமல் துள்ளுவேன். வீட்டில் தேங்காய் துருவச் சொன்னால் மட்டும் கோபம் வரும்.

ஒரு சிறுபோக நெற்காலத்தில் அமைச்சிலிருந்து தந்தி வந்தது. வெள்ளிக்கிழமை மேலதிகாரி வருகிறார். கொதிகலன் அன்றைக்கு ஆவி கக்கவேண்டும். இல்லாவிட்டால் மிச்ச இயந்திரமெல்லாம் வேறு ஊருக்கு. எங்கள் வேலையும் அதோடு சரி.

கொதிகலன் தயார். தண்ணீர்? குளத்துத் தண்ணீரை வயல்களுக்கு முறைவைத்து விடுகிற நேரம். எஞ்சினியர் வாய்க்காலுக்கு ஓடினார். கூப்பிடாமலே நானும் பின்னால் ஓடினேன்.

தண்ணீர் பங்கிடும் வாய்க்கால் விதானையார் மதகுப் பூட்டின் திறப்பை மடியில் செருகிக்கொண்டார்.

"அமைச்சருக்கும் முறை முறைதான், ஐயா. ஆரேனும் தங்கட முறையை விட்டுத் தந்தா எடுங்கோ."

பயிர் கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவத்தில் நிற்கும்போது யார் விடுவார்? அன்றைக்கு என் அம்மாவின் முறை. மண்வெட்டியோடு வரம்பில் நின்றவர் சொன்னார்:

"என்ர முறையை எடுங்கோ."

"அம்மா, உங்களுக்கென்ன விசரே? பயிர் காஞ்சா என்னத்தைத் தின்னுறது?"

"பொத்தடி வாயை. நித்திரையிலயும் கொதிகலன் கொதிகலன் எண்டு புலம்புறாய். அது கத்திறதை நானும் ஒருக்காக் கேக்கவேணும்."

வெள்ளிக்கிழமை கொதிகலனுக்குச் சந்தனம் பூசி, தேங்காய் உடைத்து, நெருப்பு மூட்டினோம். அமுக்கமானி முள் ஏற ஏற எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தோம். திடீரென்று ஆவிச் சங்கு ஊதியதே பாருங்கள்! ஐயோ, என்ன சத்தம்! மாடுகள் கயிறறுத்துக்கொண்டு ஓடின. நான் குதித்தேன், மேலதிகாரியும் குதித்தார். வேலிக்கு வெளியே சேற்றுக் காலோடு நின்ற அம்மா, "கத்தடா, கத்து!" என்று அழுதுகொண்டே சிரித்தார்.

அந்தப் போகம் அம்மாவின் வயலில் பாதி பதர். எனக்கு வேலை நிரந்தரமானது. பல வருசம் அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

யுத்தத்துக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். கொதிகலன் இல்லை, சங்கு இல்லை, ஒரு இரும்புத் துண்டுகூட இல்லை. அம்மாவும் இல்லை. அவர் காயவிட்ட வயல் மட்டும் கிடக்கிறது. தம்பி விதைக்கிறான். எங்கள் வீட்டுச் சோறு இன்றைக்கு அதிலிருந்துதான்.